சிவப்பு யாருக்கு அபாயம்? மின்சுவிட்சுகளின் குறிகளும் நிறங்களும்

மின்சுவிட்சு ஒன்றின் மேல் பொறிக்கப்படும் குறியோ, அதனருகே எரியும் விளக்கின் நிறமோ, மூன்று கேள்விகளுள் ஏதேனும் ஒன்றுக்கு விடை சொல்வதற்காகவே அங்கே இடம்பெறுகிறது: கருவி இப்போது இயங்குகிறதா, பொத்தானை அழுத்தினால் என்ன நிகழும், உள்ளே கைவைத்தால் உயிருக்கு ஆபத்து உண்டா. இம்மூன்றும் ஒன்றோடொன்று நெருங்கியவையாகத் தோன்றினாலும் ஒரே விடைக்கு உரியவை அல்ல. சீராக ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் ஆலைத் தொழிலாளிக்கு எல்லாம் சரியாக இருப்பதன் அடையாளம். அதே மோட்டாரைப் பழுதுபார்க்க வந்த மின்பணியாளருக்கோ தொடக்கூடாத பொருள். சுவிட்சுகளின் குறியீட்டு மொழியில் இன்று காணப்படும் முரண்களில் பெரும்பாலானவை, வெவ்வேறு தொழிலினர் தத்தம் கேள்விக்கு உரிய விடையைத் தனித்தனியே வகுத்துக்கொண்டதாலும், பின்னர் அவ்விடைகள் யாவும் ஒரே பலகையில் அருகருகே வந்து சேர்ந்ததாலும் விளைந்தவையாகும்.

குறிகளுள் மிக எளியவை நிமிர்கோடும் வட்டமும். நிமிர்கோடு மின்சாரம் இணைக்கப்பட்ட நிலையையும், வட்டம் அது துண்டிக்கப்பட்ட நிலையையும் உணர்த்துகின்றன. 1906-இல் லண்டனில் தொடங்கப்பட்டு, இப்போது ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் (சுருக்கமாக ஐ.இ.சி.), கருவிகளின் மேல் இடத்தக்க வரைகுறிகளைத் தொகுத்து 1973-இல் வெளியிட்ட தரநிலை இன்று 60417 என்னும் எண்ணால் அறியப்படுகிறது, அதில் இவ்விரண்டும் 5007, 5008 என்னும் வரிசை எண்களைப் பெற்றுள்ளன. அதற்கு முன்பு பெரும்பாலான சுவிட்சுகளில் ‘ஆன்’, ‘ஆஃப்’ என்னும் ஆங்கிலச் சொற்களே அச்சிடப்பட்டன. ஒரே தொழிற்சாலையில் உருவாகும் கருவி பல மொழிகள் பேசும் சந்தைகளுக்குச் செல்லத் தொடங்கியபோது, எழுத்தறியாதவருக்கும் பிறமொழியாளருக்கும் ஒருசேரப் பொருள்படும் குறி தேவைப்பட்டது.

இக்குறிகள் இரும எண்முறையின் 1, 0 என்னும் இலக்கங்களே என்ற விளக்கம் பரவலாக வழங்குகிறது. நினைவில் நிறுத்த உதவும் விளக்கம் என்ற அளவில் அதை ஏற்கலாம். ஆயினும் ஐ.இ.சி. தரநிலை அவற்றை இலக்கங்கள் என்று சொல்லாமல் கோடு என்றும் வட்டம் என்றுமே வருணிக்கிறது. மேலும், இணைந்த நிலைக்கு 1 என்பதும் துண்டித்த நிலைக்கு 0 என்பதும் கணித இயல்பிலேயே அமைந்த பொருத்தம் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. சுவிட்சுகளின் இணைப்பை இயற்கணிதத்தால் விளக்கலாம் என்று நிறுவிய குளோட் ஷானன், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1937-இல் எழுதி 1938-இல் அச்சேறிய தம் ஆய்வில், மின்னோட்டத்துக்கு ஏற்படும் தடையையே அளவாகக் கொண்டார். அதன்படி தடையற்று மின்சாரம் பாயும் மூடிய சுற்று 0 என்றும், மின்சாரம் பாய இயலாத திறந்த சுற்று 1 என்றும் குறிக்கப்பட்டன. கணிப்பொறி யுகத்துக்கு அடித்தளமிட்ட அந்த ஆய்வின் கணக்குப்படி பார்த்தால், இன்றைய சுவிட்சுகள் அனைத்தும் தலைகீழாகக் குறியிடப்பட்டவை.

இணையான குழப்பம் சாதாரணப் பயனாளரிடமும் எழுவதுண்டு. சுற்று முழுமையடைந்தால்தான் மின்சாரம் பாயும் என்று பள்ளியில் படித்தவர், முழுமையான வட்டத்தைக் கண்டு ‘இணைந்த நிலை’ என்று கொள்வது பிழையான தர்க்கம் ஆகாது. மரபு வேறுவிதமாக முடிவுசெய்துவிட்டது என்பதே உண்மை. சுவிட்சை அசைக்கும் திசைக்கும் இது பொருந்தும். பிரிட்டனிலும் அதன் மின்மரபைப் பின்பற்றிய இந்தியாவிலும் சுவரிலுள்ள சுவிட்சின் கீழ்ப்பகுதியை அழுத்தினால் விளக்கு எரியும். அமெரிக்காவில் மேல்நோக்கித் தள்ளினால் எரியும். ஆனால் இந்திய வீட்டின் மின்பங்கீட்டுப் பெட்டியில் பொருத்தப்படும் எம்.சி.பி. எனப்படும் சிறு முறிப்பான்களின் நெம்புகோல் மேலே இருந்தால்தான் மின்சாரம் உண்டு. ஒரே வீட்டுக்குள் இரண்டு திசைகள் ஆட்சி செய்கின்றன.

கோட்டையும் வட்டத்தையும் ஒன்றாக இணைத்து உருவான குறிகளின் வரலாறு இன்னும் சிக்கலானது. ஒரே பொத்தானை அழுத்தி இயக்கவும் மீண்டும் அழுத்தி முற்றிலும் துண்டிக்கவும் கூடுமானால், முழு வட்டத்துக்குள் கோடு அடங்கிய குறியை இடவேண்டும் என்று தரநிலை விதித்தது. வட்டத்தின் மேற்பகுதி உடைந்து, அவ்விடைவெளியில் கோடு நிற்கும் குறி வேறொன்றைச் சுட்டியது: கருவி உறங்குகிறதே தவிர மின்சாரத்திலிருந்து விடுபடவில்லை என்னும் காத்திருப்பு நிலை அது. இன்று கணிப்பொறி, தொலைக்காட்சி, அச்சுப்பொறி எனப் பலவற்றிலும் காணப்படும் குறி இந்த இரண்டாவதுதான். முழு வட்டத்துக்கும் உடைந்த வட்டத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு வரைகலை அளவில் சில மில்லிமீட்டர் இடைவெளி. பொருளளவில், கருவியின் உட்புறத்தைத் தொடலாமா கூடாதா என்பதையே முடிவு செய்யும் வேறுபாடு. இவ்வளவு பெரிய பொருளை அவ்வளவு சிறிய இடைவெளியின் மேல் ஏற்றிவைத்தது குறியமைப்பாளர்களின் பெருங்குறை என்றே சொல்ல வேண்டும்.

இந்தக் குறை வெளிப்படக் கணிப்பொறியின் மின்வழங்கியில் ஏற்பட்ட மாற்றம் காரணமாயிற்று. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினியின் பெட்டியில் பொருத்தப்பட்டிருந்த பெரிய சிவப்புச் சுவிட்சு, மின்கம்பியை நேரடியாகவே துண்டித்தது; அதைத் தட்டியவுடன் திரை இருண்டது, விசிறி நின்றது, உள்ளே மின்சாரம் நின்றுபோயிற்று. 1995-இல் இன்டெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏ.டி.எக்ஸ். அமைப்பில் முன்புறப் பொத்தான் மின்சாரத்தைத் துண்டிக்கும் வேலையை இழந்து, தாய்ப்பலகைக்கு வேண்டுகோள் அனுப்பும் வெறும் சமிக்ஞையாக மாறியது. கணினி ‘அணைந்திருக்கும்’போதும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் தாய்ப்பலகையில் இருந்துகொண்டே இருக்கும், இயங்குதளம் முடங்கிப்போனால் பொத்தானை நான்கு விநாடி விடாமல் அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க முடியும். உண்மையான துண்டிப்பு வேண்டுவோருக்காகப் பெட்டியின் பின்புறத்தில், மின்வழங்கியின் மேலேயே, கோடும் வட்டமும் பொறித்த மற்றொரு சுவிட்சு பல மின்வழங்கிகளில் வைக்கப்பட்டது. ஆக, முன்னால் உடைந்த வட்டம், பின்னால் கோடும் முழு வட்டமும் என, ஒரே பெட்டியில் தரநிலையின் இரு விதிகளும் சரியாகவே பின்பற்றப்பட்டன. அந்த வேறுபாட்டை உணர்ந்து பயன்படுத்தியோர் மிகச் சிலரே.

கருவிகள் சும்மா இருக்கும்போதே உறிஞ்சும் மின்சாரம் ஒரு பொதுச்சிக்கலாகக் கருதப்பட்டது 1990-களில்தான். கலிஃபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டியதையடுத்து, காத்திருப்பு மின்செலவை ஒரு வாட்டுக்குள் அடக்கவேண்டும் என்னும் இலக்கைப் பன்னாட்டு எரிசக்தி முகமை 1999-இல் முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி 2010 முதல் 1 வாட் என்றும் 2013 முதல் 0.5 வாட் என்றும் வீட்டு, அலுவலகக் கருவிகளுக்கு வரம்பு கட்டியது. தகவல் காட்டும் திரையுள்ள கருவிகளுக்கு மட்டும் இதைப்போல் இருமடங்கு அனுமதிக்கப்பட்டது. மின்சாரத்தைச் சேமிக்க வேண்டுமானால் கருவி உறங்குகிறதா, அணைந்துவிட்டதா என்று பயனாளருக்குத் தெரிய வேண்டும் என்பதால் அதே பெர்க்லி ஆய்வகம் குறிகளையும் ஆராய்ந்தது. அதன் விளைவாக, மின், மின்னணுப் பொறியாளர் நிறுவனமான ஐ.இ.இ.இ. 2004-ஆம் ஆண்டில் ஏற்ற 1621 எண்ணுள்ள தரநிலை துணிச்சலான ஒரு முடிவை எடுத்தது. உடைந்த வட்டத்துக்கு மக்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்ட ‘மின்பொத்தான்’ என்னும் பொதுப்பொருளையே அது அதிகாரப்பூர்வமாக ஏற்றது; உறக்கநிலைக்கு வேறொரு குறியாகப் பிறைநிலவை அமர்த்தியது; நிலைகாட்டும் விளக்கு பச்சையானால் இயக்கம், அம்பர் எனப்படும் செம்மஞ்சளானால் உறக்கம், விளக்கே எரியாவிட்டால் அணைவு என்று வகுத்தது. இந்த விதியில் சிவப்புக்கு இடமில்லை என்பது கவனிக்கத்தக்கது. 2016 ஜூனில் வெளியான யூனிகோடு 9.0 பதிப்பில் மின்பொத்தான் குறி, கோடு, முழுவட்டத்துக்குள் கோடு, பிறை ஆகியவை எழுத்துக்குறிகளாகச் சேர்க்கப்பட்டு, துண்டிப்பைக் குறிக்க ஏற்கெனவே யூனிகோடில் இருந்த தடித்த வட்டம் அமர்த்தப்பட்டதோடு இக்குறிகள் எழுத்துக்களுக்கு உரிய தகுதியைப் பெற்றன.

குறிகளை விட நிறங்களின் வரலாறு பழையது. முரண்களும் அங்கேதான் கூர்மையானவை. சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் செல் என்பது இயற்கை விதிபோலத் தோன்றினாலும், தொடக்ககாலப் பிரிட்டிஷ் ரயில்வேயில் சிவப்பு ஆபத்தையும், பச்சை எச்சரிக்கையையும், வெள்ளை தடையற்ற வழியையும் குறித்தன. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் கைகாட்டியின் விளக்கு வெள்ளையாகத் தெரியும் என்பதும், தெருவிளக்கின் வெளிச்சத்தை ஓட்டுநர் சைகையாக எண்ணக்கூடும் என்பதும் உணரப்பட்ட பிறகே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பச்சை வழித்திறப்பின் நிறமாயிற்று. அதே நூற்றாண்டில், 1875-ஆம் ஆண்டு ஸ்வீடனின் லாகர்லுண்டாவில் நிகழ்ந்த ரயில் மோதலுக்கு நிறப்பார்வைக் குறைபாடு காரணமாக இருந்திருக்கலாம் என்று வாதிட்ட உப்சாலா பேராசிரியர் ஃபிரித்தியோஃப் ஹோல்ம்கிரென், வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு ரயில்வே ஊழியர்களைச் சோதிக்கும் முறையை வகுத்தார். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் இடர்ப்படுகின்றனர். நிறம் மட்டுமே செய்தியைச் சுமக்கக்கூடாது, இடமோ வடிவமோ குறியோ அதற்குத் துணைநிற்க வேண்டும் என்று ஐ.இ.சி.யின் 60073 தரநிலை வற்புறுத்துவதன் பின்னணி இதுவே.

இயந்திரங்களின் மின்னமைப்புப் பாதுகாப்புக்குரிய 60204-1 என்னும் தரநிலை, பொத்தான்களின் நிறத்தை வியப்பூட்டும் கண்டிப்போடு வகுக்கிறது. இயக்கத்தைத் தொடங்கும் பொத்தான் வெள்ளையாகவோ சாம்பலாகவோ கறுப்பாகவோ பச்சையாகவோ இருக்கலாம் என்று கூறும் அது முன்னுரிமை அளிப்பது வெள்ளைக்கு. நிறுத்தும் பொத்தானுக்குக் கறுப்பே விரும்பத்தக்கது. சிவப்பு அனுமதிக்கப்பட்டாலும், அவசர நிறுத்தத்தின் அருகில் அதைத் தவிர்க்க வேண்டும். ஒரே பொத்தான் மாறிமாறி இயக்கவும் நிறுத்தவும் செய்யுமானால் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றுமே அதற்கு விலக்கப்பட்டவை. இவ்வளவு சிக்கனத்தின் நோக்கம் சிவப்பை அவசரநிலைக்கென்று காப்பாற்றி வைப்பது. மஞ்சள் பின்னணியின் மேல் காளான்போலக் குவிந்திருக்கும் சிவப்புப் பொத்தானைத் தட்டினால் அது உள்ளே சிக்கிக்கொள்ள வேண்டும், அதைத் திருகி விடுவிப்பதால் மட்டும் இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கிவிடக் கூடாது என்பது ஐ.எஸ்.ஓ. 13850 தரநிலையின் விதி. சாதாரண நிறுத்தத்துக்கும் சிவப்பையே தாராளமாகப் பயன்படுத்தினால், விரல் சிக்கிய தொழிலாளியின் கண் தேடும் ஒரே சிவப்பு, பல சிவப்புகளுக்கு நடுவே தொலைந்துபோகும்.

இனித் துணைமின் நிலையத்துக்குள் நுழைந்தால் இந்த ஒழுங்கு முழுவதும் கவிழ்கிறது. உயர் அழுத்த மின்தடத்தை இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் முறிப்பானின் கட்டுப்பாட்டுப் பலகையில், இந்திய நடைமுறைப்படி, முறிப்பான் இணைந்து மின்சாரம் பாயும்போது சிவப்பு விளக்கு எரியும். துண்டிக்கப்பட்டிருக்கும்போது பச்சை எரியும். பழுது காரணமாக முறிப்பான் தானே விலகினால் (பணியாளர் வழக்கில் ‘டிரிப்’ ஆனால்) செம்மஞ்சளும், முறிப்பானை மூடும் சுருள்வில் இறுகித் தயாராக இருந்தால் நீலமும், துண்டிக்கும் மின்சுற்று நலமாக இருந்தால் வெள்ளையும் எரிகின்றன. இயந்திரத் தரநிலையில் பச்சை இயல்பான இயக்கத்தின் நிறம். இங்கோ அது இயக்கமற்ற நிலையின் நிறம். மின்தடத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் பார்வையில், மின்சாரம் உள்ள கம்பியே அபாயம், மின்சாரம் அற்ற கம்பியே நலம் என்பதை நினைவில் கொண்டால் இதன் நியாயம் விளங்கும். இயந்திரத் தரநிலை உற்பத்தியைக் கண்காணிப்பவரின் கண்ணால் வகுக்கப்பட்டது. துணைமின் நிலையத்தின் மரபு கம்பியைத் தொடப்போகிறவரின் கண்ணால் வகுக்கப்பட்டது. இரண்டில் எது சரி என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. இரண்டையும் கலப்பதுதான் தவறு.

கலப்பு எங்கும் உள்ளது. வீட்டு எம்.சி.பி. பலவற்றின் முகப்பில் உள்ள சிறு சாளரத்தில், இணைந்த நிலையில் சிவப்பும் துண்டித்த நிலையில் பச்சையும் தெரியும். இது துணைமின் நிலையத்தின் மரபு. அதே முறிப்பான் வகையில் இரு பொத்தான்கள் இருந்தால், துண்டிக்கும் பொத்தானுக்கே சிவப்பு உரியது என்பது ஐ.இ.சி. விதி, இது இயந்திரக்கூடத்தின் மரபு. ஒரு பெட்டிக்குள் சிவப்பு, விளக்காக இருக்கையில் ‘மின்சாரம் உண்டு’ என்றும் பொத்தானாக இருக்கையில் ‘மின்சாரத்தை நிறுத்து’ என்றும் பேசுகிறது.

தமிழ்நாட்டு வயல்களில் கிணற்றடியிலோ ஆழ்துளைக் கிணற்றடியிலோ நிற்கும் மோட்டார் கொட்டகையின் ஸ்டார்ட்டர் பலகை இக்கலப்பின் உச்சம் எனலாம். பலகையின் மேல்வரிசையில் எரியும் சிவப்பு, மஞ்சள், நீல விளக்குகள், மூன்று ஃபேஸ்களிலும் மின்சாரம் வந்திருப்பதைக் காட்டுகின்றன. இந்தியாவில் ஃபேஸ் கம்பிகளுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் நிறங்களே அவை. இங்கே சிவப்பு அபாயத்தையோ நிறுத்தத்தையோ குறிக்கவில்லை, முதல் ஃபேஸின் பெயராகவே நிற்கிறது. மஞ்சளும் எச்சரிக்கை அன்று. மூன்று விளக்குகளுள் ஒன்று எரியாமல் இருப்பதே உண்மையான எச்சரிக்கை, ஏனெனில் ஒரு ஃபேஸ் இல்லாமல் மோட்டாரை ஓட்ட முயன்றால் மற்ற இரண்டிலும் மின்னோட்டம் எகிறிக் காயில் கருகிவிடும். அவற்றுக்குக் கீழே பச்சைப் பொத்தான் மோட்டாரை ஓட்டுகிறது, சிவப்புப் பொத்தான் நிறுத்துகிறது. பலகையைச் செய்தவர் துணைமின் நிலைய மரபில் பழகியவரானால், மோட்டார் ஓடும்போது எரியும்படி இன்னொரு சிவப்பு விளக்கையும் பொருத்திவிடுகிறார். ஒரு முழ அகலப் பலகையில் சிவப்புக்கு மூன்று பொருள்கள். அன்றாடம் மோட்டாரை இயக்கும் உழவர் நிறங்களைப் படிப்பதில்லை, இடங்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். அதனால்தான் அவருக்குப் பதிலாகக் கொட்டகைக்குப் போகும் உறவினரோ புதிய ஆளோ தடுமாற நேர்கிறது.

எல்லா நிறங்களும் பொருள் கருதித் தேர்ந்தெடுக்கப்பட்டவையும் அல்ல. சுவரிலுள்ள சுவிட்சுப் பலகையில் மின்சாரம் உள்ளதைக் காட்டும் சிறு இண்டிகேட்டர் செம்மஞ்சளாக ஒளிர்வதற்குக் காரணம், அதனுள் அடைத்த நியான் வாயு மின்னிறக்கத்தில் அந்த நிறத்தையே தரும் என்பது. 1962-இல் நிக் ஹோலோன்யாக் உருவாக்கிய, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உமிழும் முதல் நடைமுறை எல்.இ.டி. சிவப்பாக இருந்தது, நெடுங்காலம் மலிவாகக் கிடைத்ததும் அதுவே. அதனாலேயே, ஓடாமல் காத்திருக்கும் தொலைக்காட்சியில் சிவப்புப் புள்ளி எரியும் வழக்கம் ஊன்றிக்கொண்டது. பிரகாசமான நீல எல்.இ.டி.யை ஷூஜி நகமுரா 1993-இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் உருவாக்கிக் காட்டியதும் (இத்துறைப் பணிக்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர்), அடுத்த பத்தாண்டுகளில் கணினி முதல் மிக்சி வரை நீலப்புள்ளிகள் பெருகின. கட்டாயமாகச் செய்ய வேண்டிய செயலைக் குறிக்க ஐ.இ.சி. ஒதுக்கிய நீலம், புதுமையின் அலங்காரமாகச் செலவழிக்கப்பட்டது.

மற்றொரு முரண், குறி காட்டுவது நிலையையா கட்டளையையா என்பதில் உள்ளது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்து இதற்கு மறக்கக்கூடாத சான்று. அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்க, கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்தது. அந்த விளக்கு, வால்வைத் திறந்து வைத்திருக்கும் மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் செல்கிறதா என்பதையே காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதை அன்று. விளக்கு அணைந்ததை வால்வு மூடியதாகப் பொருள்கொண்ட பணியாளர்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறுவதை அறியவில்லை. அணுஉலையின் உள்ளகம் பகுதியளவு உருகியது. பொய்யான விளக்கு அன்று அது. வேறொரு கேள்விக்கு விடைசொன்ன விளக்கு. கைப்பேசித் திரையில் இடமும் வலமும் நகரும் சுவிட்சுப் படங்களிலும், இப்போதைய நிலை காட்டப்படுகிறதா, தொட்டால் வரப்போகும் நிலை காட்டப்படுகிறதா என்னும் அதே ஐயம் சிறு அளவில் தொடர்கிறது. 2013-இல் ஆப்பிள் தன் கைப்பேசிச் சுவிட்சுகளில் எழுத்தையும் குறியையும் நீக்கிப் பச்சை நிறத்தை மட்டும் வைத்தது. நிறம் பிரித்தறிய இயலாதவர்களுக்காக, கோட்டையும் வட்டத்தையும் மீண்டும் காட்டும் தேர்வை அடுத்த ஆண்டே சேர்க்க வேண்டியிருந்தது.

உலகமனைத்துக்கும் ஒரே நிறவிதியை இனி நிலைநாட்டுவது நடவாத காரியம். நிறுவப்பட்ட பலகைகளின் ஆயுள் பல பத்தாண்டுகள், அவற்றில் பழகிய கைகளின் நினைவோ அதற்கும் நீண்டது. ஆனால் நிறத்தின் அருகே ஒரு சொல்லை அச்சிடுவதற்குச் செலவு ஏதுமில்லை. தமிழ்நாட்டில் ஸ்டார்ட்டர் பலகைகளைச் செய்து விற்போர், சிவப்பு விளக்கு எந்தக் கேள்விக்கு விடை என்பதை ‘ஃபேஸ் உண்டு’, ‘மோட்டார் ஓடுகிறது’, ‘டிரிப் ஆகியுள்ளது’ என்று தமிழிலேயே அதன் கீழ் எழுதிவைக்க வேண்டும். பலகையை வாங்குவோர் அதைக் கேட்டுப் பெற வேண்டும். அதுவரை, எந்த நிற விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும், மெயின் சுவிட்சை இறக்கி டெஸ்டரால் மூன்று ஃபேஸையும் சோதித்த பின்னரே கம்பியைத் தொடுவது நல்லது.